கண்ணைக் கெடுப்பது ஸ்க்ரீனா? 150 வருஷத்து வழக்கு

இன்னைக்கு எபிசோடுல ஒரு வழக்கைப் பத்திப் பேசப் போறோம். குற்றவாளிக் கூண்டுல நிக்கிறவர் உங்க எல்லாருக்கும் தெரிஞ்சவர். இதைக் கேட்கறதுக்கு முன்னாடி நீங்க விரலால தொட்டீங்களே, அந்த ஸ்க்ரீன்தான். "அந்த போனைக் கீழ வை, கண்ணு கெட்டுப் போயிடும்." இதைச் சொல்லாத வீடு இருக்கா? எனக்குச் சொன்னாங்க, இப்போ நானும் பிள்ளைங்ககிட்ட சொல்றேன். ஆனா இந்த வாக்கியத்தோட வயசு என்னன்னு தேடிப் போனா, போனுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் வருது. அதுக்கு முன்னாடி டிவி. அதுக்கும் முன்னாடி, புத்தகம்!

1813ல் ஜேம்ஸ் வேர் என்ற லண்டன் கண் மருத்துவர் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் செய்தது ரொம்ப எளிமையான ஒப்பீடு. ஒரு பக்கம் அரச காலாட்படை. கிட்டத்தட்ட 10,000 பேர். அங்கே கிட்டப்பார்வை என்பதையே யாரும் பெரிதாகக் கேள்விப்பட்டதில்லை. இருபது வருஷத்தில் அதற்காக வெளியேற்றப்பட்டவர்கள் அரை டஜன்கூட இல்லை. இன்னொரு பக்கம் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரி. 127 பேரில் 32 பேர் கண்ணாடி வைத்திருந்தார்கள். துப்பாக்கி பிடிச்சவங்களுக்குக் கண் நல்லா இருக்கு, புத்தகம் பிடிச்சவங்களுக்குக் கெட்டுப் போச்சு என்றுதான் படிக்கிறவருக்குத் தோணும். சும்மா ஸ்டைலுக்காகக் கண்ணாடி வச்சவங்களும் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்திருக்கலாம், அது வேற விஷயம்.

கிட்டப்பார்வைன்னா என்னன்னு இங்கேயே சொல்லிடறேன், கடைசி வரைக்கும் தேவைப்படும். கிட்ட இருக்கறது நல்லாத் தெரியும், தூரத்துல இருக்கறது மங்கலாத் தெரியும். கடையில "மைனஸ் பவர்"னு சொல்வாங்க. பெரும்பாலும் காரணம் ஒண்ணுதான்: வளர்ற வயசுல விழி முன்னும் பின்னுமாகத் தேவைக்கு மேல நீண்டுடுது. லென்ஸ் பிம்பத்தைச் சரியாத்தான் போடுது, ஆனா விழித்திரை பின்னாடி தள்ளிப் போயிருக்கு. நீண்ட விழி திரும்பச் சுருங்காது. மைனஸ் 2, மைனஸ் 3 என்றால் கண்ணாடி போட்டுக்கிட்டு வாழ்ந்துடலாம். மைனஸ் 6ஐத் தாண்டினால் கதை வேற. இழுபட்ட விழித்திரை மெலிஞ்சு போயிருக்கும். பிற்காலத்தில் அது பிய்ந்து வரவும், நடுப்பகுதி சேதமாகிப் பார்வையே போகவும் வாய்ப்பு கூடுது. அதனால இந்த வழக்கைச் சும்மா வேடிக்கைக்காக எடுத்துக்கலை.

இப்போ பிரெஸ்லாவ் நகரத்துக்குப் போவோம். இன்றைக்கு அது போலந்தில் இருக்கும் விரோட்ஸ்வாஃப். 1860களில் பிரஷ்யாவின் நகரம். அங்கே ஹெர்மன் கோன் என்ற இளம் கண் மருத்துவர். வயது முப்பதைத் தொடவில்லை. அவருடைய அதிர்ஷ்டம், கருவிகள் எல்லாம் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தன. கண்ணுக்குள்ளே பார்க்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851ல் செய்துவிட்டார். கண் டாக்டர் கிளினிக் சுவரில் மேலே பெரிய எழுத்தும் கீழே பொடி எழுத்துமாகத் தொங்குமே, ஸ்னெல்லனின் அந்த அட்டை 1862ல் வந்தது. ஒரு மனுஷனுடைய பார்வையை எண்ணால் சொல்வது அப்போதுதான் சாத்தியமானது.

கோன் என்ன செய்தார்? பிரெஸ்லாவிலும் சிலேசியாவின் கிராமங்களிலும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்தார். 1867ல் முடிவுகளைப் புத்தகமாகப் போட்டபோது மொத்த எண்ணிக்கை 10,060. கம்ப்யூட்டர் இல்லை, எக்செல் இல்லை. அந்தப் பிள்ளைகளைக் கோன் பள்ளி வாரியாக, வகுப்பு வாரியாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்.

முடிவு என்ன? கிராமப் பள்ளிகளில் கிட்டப்பார்வை 1.4 சதவீதம். நகரத்து ஆரம்பப் பள்ளிகளில் 6.7. பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் கிம்னாசியம் பள்ளிகளில் 26.2. அங்கேயும் வகுப்பு ஏற ஏற எண்ணிக்கை ஏறியது. கடைசி வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட பையன்கள் கிட்டப்பார்வைக்காரர்கள். லத்தீனும் கிரேக்கமும் படித்து முடித்தவர்களுக்கு எதிர்த் தெரு தெரியவில்லை.

ஐரோப்பா பதறிப் போச்சு. படிப்பு கண்ணைக் கெடுக்குது! அதுவும் கட்டாயக் கல்வி பரவிக்கிட்டிருந்த காலம். எந்தப் பெற்றோருக்கும் பயம் வரும்தானே? உடனே பெஞ்சு மேசைகள் மேல பழி விழுந்தது. பிள்ளைங்க குனிஞ்சு எழுதறாங்க, முகம் காகிதத்துல போய் ஒட்டுது, அதான் காரணம் என்றார்கள். விதவிதமான மேசைகள் வந்தன. தாடையைத் தாங்கிக் குனியவிடாமல் தடுக்கும் இரும்புக் கம்பிகள்கூட விற்பனைக்கு வந்தன. சாய்வெழுத்து வேண்டாம், நேராக எழுதுங்கள் என்று ஒரு இயக்கமே நடந்தது. இன்னைக்கு நீலக் கதிரைத் தடுக்கும் கண்ணாடின்னு கடையில தலையில கட்டறாங்களே, அந்த வியாபாரத்தோட கொள்ளுத் தாத்தா அந்தத் தாடைக் கம்பிதான்னு நான் சொல்வேன்.

ஆனா கோன் இன்னொண்ணும் குறிச்சு வச்சிருந்தார். இந்த இடத்தைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க. பள்ளி இருக்கும் தெரு எவ்வளவு குறுகலோ, எதிர்வீடு எவ்வளவு உயரமோ, வகுப்பறை எந்த அளவுக்குக் கீழ்த்தளமோ, அந்த அளவுக்குக் கிட்டப்பார்வை அதிகம். அதாவது இருட்டான வகுப்பறைகளில் கூடுதல். அதனால் ஜன்னலின் பரப்பு தரையில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு வானம் தெரிய வேண்டும் என்று கோன் கேட்டுக்கொண்டே இருந்தார். வெளிச்சம் ஏன் முக்கியம் என்பதற்கு அவர் சொன்ன காரணம், இருட்டில் பிள்ளைகள் இன்னும் குனிவார்கள் என்பதுதான். அப்போதைய அறிவில் அதைத் தாண்டிப் போக வழியில்லை.

அப்புறம் இருபதாம் நூற்றாண்டு வந்தது, எல்லாம் பரம்பரை என்றார்கள். அப்பாவுக்குக் கண்ணாடி இருந்தா பிள்ளைக்கும் வரும், மேசையும் ஜன்னலும் என்ன செய்யும்? பல பத்தாண்டுகள் பாடப் புத்தகங்கள் இதையே சொல்லின. பரம்பரைக்குப் பங்கு இருக்கிறது, அது உண்மை. ஆனால் 1969ல் அலாஸ்காவின் வடகோடியில் பாரோ என்ற ஊரில் ஃபிரான்சிஸ் யங் குழுவினர் குடும்பம் குடும்பமாகச் சோதித்தபோது பெரியவர்கள் 131 பேரில் 2 பேருக்குத்தான் கிட்டப்பார்வை இருந்தது. அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளில் பாதிக்கு மேல். ரெண்டு தலைமுறையில் ரத்தம் மாறாது. வாழ்க்கை மாறலாம். பள்ளிக்கூடம் வந்திருந்தது, பிள்ளைகள் வீட்டுக்குள் வந்திருந்தார்கள்.

இதே காலத்துல ஸ்க்ரீன் மேலயும் புகார் எழுது. ஆனா அந்தப் புகாரே வேற மாதிரி. 1967ல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி, தான் விற்ற பெரிய கலர் டிவிகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பெட்டிகள் அளவுக்கு மேல் எக்ஸ்ரே கசியவிடுகின்றன என்று ஒப்புக்கொண்டது. அமெரிக்காவே ஆடிப்போச்சு. ஆறடி தள்ளி உட்காருங்கள் என்று அறிவுரை வந்தது. மறு வருஷமே கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுக்குச் சட்டம் வந்தது. "டிவிக்குக் கிட்ட உட்காராதே"ன்னு நம்ம வீடுகள்ல சொல்வாங்க இல்லையா? அந்தப் பேச்சு அதுக்கும் முன்னாடியே இருந்திருக்கும். ஆனா அதுக்குப் பின்னாடி நிஜமான ஒரு பயம் இருந்த சில வருஷங்கள் இவைதான். அந்தக் கசிவும் திரையிலிருந்து வரவில்லை. பெட்டிக்குள் இருந்த ஒரு மின்னழுத்தக் குழலிலிருந்து பெரும்பாலும் கீழ்நோக்கிப் போனது. கண்ணைவிடக் காலுக்குத்தான் ஆபத்து.

அடுத்தது கம்ப்யூட்டர். 1970களில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் தட்டச்சு இயந்திரங்களை எடுத்துவிட்டு, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் டெர்மினல்களை வைத்தார்கள். 1977ல் நியூயார்க் டைம்ஸில் அப்படி வேலை பார்த்த இரண்டு இளம் உதவி ஆசிரியர்களுக்குக் கண்புரை வந்தது. அந்த வயதில் கண்புரையா? தொழிற்சங்கம் வழக்கைக் கையில் எடுத்தது. தொழில் பாதுகாப்புக்கான அரசு ஆய்வு நிறுவனம் கருவிகளோடு வந்து அளந்தது. ஆபத்தான கதிர்வீச்சு எதுவும் இல்லை. நடுவர் சங்கத்தின் வாதத்தை ஏற்கவில்லை.

இங்கதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். "பார்த்தியா, ஒண்ணும் இல்ல, வேலையைப் பாரு" என்று முதலாளிகளுக்குச் சொல்ல வசதியாப் போச்சு. ஆனா டெர்மினல் முன்னாடி உட்கார்ந்தவங்களுக்குக் கண் எரிஞ்சது நிஜம், தலை வலிச்சது நிஜம். அதே அரசு நிறுவனம் கலிஃபோர்னியாவில் பத்திரிகை ஊழியர்களையும் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் குமாஸ்தாக்களையும் ஆராய்ந்து 1981ல் அறிக்கை தந்தது. ஒரே மாதிரி ஸ்க்ரீன். செய்தியாளர்களுக்குத் தொல்லை குறைவு. நாள் முழுக்க எண்களை உள்ளிட்டுக்கொண்டு, எத்தனை அடித்தோம் என்று கண்காணிக்கப்பட்ட குமாஸ்தாக்களுக்குத்தான் கண் வலியும் மன அழுத்தமும் மிக அதிகம். செய்தியாளர் எழுந்து போய் டீ குடிக்கலாம், போன் பேசலாம். குமாஸ்தா எழுந்தால் கணக்கு குறையும். 1983ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலும் சொன்னது: டெர்மினலால் கண் நோய் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, தொல்லை வருவது மோசமான வெளிச்சத்தாலும் உட்காரும் விதத்தாலும் வேலை அமைப்பாலும்.

ஆனாலும் பயம் போகலை. 90கள்ல நம்ம ஊர் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவங்களுக்கு ஞாபகம் இருக்கும். செருப்பை வாசல்ல விடணும், உள்ள ஏசி குளிரும், மானிட்டர் முன்னாடி ஒரு கறுப்புக் கண்ணாடி தொங்கும். "ரேடியேஷன் வராதாம்." வெளிச்சம் பட்டுக் கூசறதை அது குறைச்சது, அவ்வளவுதான்.

கண் ஏன் எரியுதுங்கறதுக்கு 1993ல் ஜப்பானிலிருந்து ஒரு எளிமையான பதில் வந்தது. சுபோட்டா, நகாமோரி என்ற இரண்டு டாக்டர்கள் கண் சிமிட்டுவதை எண்ணினார்கள். சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 22 தடவை. புத்தகம் படிக்கும்போது 10. ஸ்க்ரீன் முன்னாடி 7. சிமிட்டாத கண் காயும், காய்ந்த கண் எரியும். போதாக்குறைக்குப் புத்தகத்தைக் குனிந்து பார்க்கிறோம், இமை பாதி மூடியிருக்கும். மானிட்டரை நேராகப் பார்ப்பதால் கண் அகலத் திறந்து இன்னும் சீக்கிரம் காயுது. தொல்லைதான், ஆனா பார்வை போற விஷயம் இல்லை. எழுந்து நடந்தா, தூரத்தைப் பார்த்தா, நாலு தடவை இமைச்சா சரியாகும்.

சரி, அப்போ கிட்டப்பார்வை? அந்த வழக்கு தனியா நடந்துக்கிட்டிருந்தது. அதே 1977ல் டார்ஸ்டன் வீசலும் எலியோ ரவியோலாவும் ஒரு வினோதத்தை அறிவித்தார்கள். வேறொரு ஆய்வுக்காகக் குட்டிக் குரங்குகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடியிருந்தார்கள். பிறகு பார்த்தால் மூடிய அந்த விழி நீண்டுபோயிருந்தது. பின்னாலேயே கோழிக்குஞ்சுகளிலும் இது நடப்பதைக் காட்டினார்கள். விஷயம் என்னன்னா, விழி எவ்வளவு வளரணும்னு தீர்மானிக்கறது அது என்ன பார்க்குதுங்கறதைப் பொறுத்திருக்கு. பரம்பரை மட்டும் போட்ட கணக்கு இல்லை.

இனி 2008, சிட்னி. கேத்ரின் ரோஸ், இயன் மார்கன் குழுவினர் ஆறு ஏழு வயதுச் சீன வம்சாவளிப் பிள்ளைகளை இரண்டு ஊர்களில் ஒப்பிட்டார்கள். சிங்கப்பூரில் கிட்டப்பார்வை 29.1 சதவீதம். சிட்னியில் 3.3. பெற்றோருக்குக் கண்ணாடி இருந்த அளவு ரெண்டு ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்று. சரி, சிங்கப்பூர்ப் பிள்ளைங்க நிறையப் படிக்கறாங்க போலன்னு நினைப்பீங்க. இல்லை! சிட்னிப் பிள்ளைகள்தான் வாரத்துக்கு அதிகப் புத்தகம் படித்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றில் இருந்தது. சிட்னிப் பிள்ளைகள் வாரத்தில் கிட்டத்தட்ட 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூரில் 3 மணி நேரம்.

நல்ல வெளிச்சமான வகுப்பறை என்று நாம் நினைப்பது 500 லக்ஸ் இருந்தால் அதிகம். வெளியே மர நிழலிலேயே அதைவிடப் பல மடங்கு இருக்கும். வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். நம்ம கண்ணு சீக்கிரம் பழகிக்கிறதால இந்த வித்தியாசம் நமக்கு உறைக்கறதே இல்லை. ஜெர்மனியில் ட்யூபிங்கன் ஆய்வகத்தில் 2009ல் கோழிக்குஞ்சுகளுக்குத் தினம் சில மணி நேரம் 15,000 லக்ஸ் கொடுத்தபோது விழி நீள்வது மெதுவானது. விழித்திரையில் சுரக்கும் டோபமைன் இதில் தரகர் வேலை பார்க்கிறது என்பது இப்போது பலர் ஏற்கும் விளக்கம். பிறகு சீனாவில் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்தார்கள். மூன்று வருஷத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 சதவீதம். வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5. ஒரே ஒரு விளையாட்டு பீரியட் செஞ்ச வேலை.

கோனோட ஜன்னல் ஞாபகம் இருக்கா? குறுகிய தெரு, இருட்டு வகுப்பறை? அவர் எழுதி வச்ச அந்தக் கணக்கைத் தாடைக் கம்பி வித்தவங்க யாரும் சரியாப் படிக்கலை.

அப்படின்னா ஸ்க்ரீன் நிரபராதியா? அதுவும் இல்லை. கொரோனா வந்ததே, அது யாரும் கேட்காமலே ஒரு சோதனையை நடத்திடுச்சு. சீனாவில் ஃபெய்செங் என்ற ஊரில் 2015லிருந்தே வருஷா வருஷம் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்து வந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளில் கிட்டப்பார்வை அதுவரை 5.7 சதவீதத்தைத் தாண்டியதில்லை. சில மாதம் வீட்டுக்குள்ளே அடைத்து வைத்த பிறகு, 2020ல் அது 21.5. ஆன்லைன் வகுப்புதான் காரணம்னு உடனே சொல்லத் தோணும். ஆனா பெரிய வகுப்புகளுக்குத்தான் தினம் இரண்டரை மணி நேர ஆன்லைன் பாடம். முதல் ரெண்டு வகுப்புக்கு ஒரு மணி நேரம்தான். தாவல் அதிகம் இருந்தது சின்னப் பிள்ளைகளிடம். இதை வச்சு ஸ்க்ரீனை விடுதலை செய்ய முடியாது. சின்ன வயசுக் கண் சீக்கிரம் மாறும், அதனாலும் இருக்கலாம். கிட்டத்தில் வைத்து மணிக்கணக்கில் பார்ப்பதற்குப் பங்கு உண்டு என்று சொல்லும் ஆய்வுகளும் நிறைய. என் தீர்ப்பு இதுதான்: பிள்ளையைப் பொறுத்தவரை போன் செய்யற பெரிய கெடுதல் அதோட வெளிச்சத்துல இல்லை. அது பிள்ளையை வீட்டுக்குள்ள உட்கார வைக்குது. அதையே டியூஷனும் செய்யும், நுழைவுத் தேர்வுக் கோச்சிங்கும் செய்யும். அதுங்களைப் பத்தி எந்த வீட்லயும் "கண்ணு கெட்டுப் போயிடும்"னு சொல்றதில்லை. தென்கொரியாவில் சியோல் நகரத்தில் ராணுவத்துக்கு வந்த 19 வயது இளைஞர்களில் 96.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை என்று ஒரு கணக்கெடுப்பு சொன்னது. அந்தக் கணக்கெடுப்பு 2010ல் நடந்தது. அவங்க சின்னப் பிள்ளைகளா இருந்தப்போ ஸ்மார்ட்போனே கிடையாது.

முப்பது நாற்பது வயசுல ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு? விழி வளர்ற வயசு பெரும்பாலும் முடிஞ்சாச்சு. கண் எரிஞ்சா இமைங்க, எழுந்து நடங்க, ஏசிக் காத்து முகத்துல அடிக்காம உட்காருங்க. பிள்ளைங்க விஷயம் வேற. பள்ளியில் சேர்க்கும்போதே ஒரு தடவை கண் பரிசோதனை செய்துவிடுங்கள். கரும்பலகை தெரியலைங்கறதைப் பிள்ளைங்க தானா வந்து சொல்ல மாட்டாங்க, எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருக்கும்.

தைவான் கதையோட முடிச்சுக்கறேன். அங்கே ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளில் பார்வைக் குறைவு உள்ளவர்கள் 2001ல் 34.8 சதவீதம். 2011ல் 50 சதவீதம். பலகைக்கும் கண்ணுக்கும் இடையே தூரம், மேசை, விளக்கு என்று எல்லாம் செய்து பார்த்தும் ஏறிக்கொண்டேதான் இருந்தது. 2010ல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது: தினம் 120 நிமிஷம் வெளியில். இடைவேளை மணி அடித்தால் பிள்ளைகள் வகுப்பறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். 2015ல் அந்த எண் 46.1க்கு இறங்கியது.

அடுத்த எபிசோடுல 13ஆம் நூற்றாண்டு இத்தாலிக்குப் போவோம், மூக்குக் கண்ணாடி எப்படி வந்துச்சுன்னு பார்க்க.